கிடங்கில் கிடைத்த படச்சுருள்

நுழையும்முன்

ஜப்பானிய அசைவூட்டப் படங்களை உலகம் இன்று 'அனிமே' என்னும் பெயரால் அறியும். அவற்றின் தொடக்ககாலப் படைப்புகளுள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. சில, அழிந்தன என்று கருதப்பட்டுப் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் கிடைத்தன. அவ்வாறு மீண்ட படம் ஒன்றையும் அதன் கலைநடையில் காலம் செய்த மாற்றத்தையும் ஆராய்கிறது இவ்வுரைநடைப் பகுதி.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜப்பானின் ஒசாகா நகரம் வான்குண்டு வீச்சில் எரிந்து கரிந்து கிடந்தது. எரியாமல் எஞ்சிய திரையரங்கு ஒன்றில் அசைவூட்டப் படம் ஒன்று திரையிடப்பட்டது. அது சிறுவர்களுக்காக எடுக்கப்பட்ட படம். ஆனால், அதைக் காணவேண்டிய சிறுவர்களுள் பலர் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊர்ப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். ஏறத்தாழ வெறுமையாக இருந்த அவ்வரங்கில் பதினாறு வயது மாணவர் ஒருவர் படம் பார்த்துக் கண்கலங்கினார். தாமும் என்றேனும் ஒருநாள் இத்தகைய படத்தை எடுப்பது என்று உறுதி பூண்டார். அவர்தாம் பின்னாளில் 'ஆஸ்ட்ரோ பாய்' என்னும் சிறுவனை உருவாக்கி உலகப்புகழ் பெற்ற ஒசாமு தெசூகா.

அவர் கண்ட படம் 'மோமோதாரோ: கடலின் தெய்விக வீரர்கள்'. மிட்சுயோ செயோ இயக்கிய இப்படம் 74 நிமிடங்கள் ஓடக்கூடியது. ஜப்பானின் முதல் முழுநீள அசைவூட்டப் படம் இதுவே. ஷோச்சிக்கு என்னும் திரைப்பட நிறுவனம் தயாரித்தது. பொருளுதவி செய்தது ஜப்பானியக் கடற்படை அமைச்சகம்.

பழங்கதையும் புதுப்போரும்

மோமோதாரோ ஜப்பானியக் குழந்தைகள் அனைவரும் அறிந்த நாட்டுப்புறக் கதைமாந்தன். பீச் பழத்திலிருந்து பிறந்த அவன் நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றைத் துணைக்கு அழைத்துச் சென்று, தீவில் வாழும் அரக்கர்களை வென்று திரும்புவான். பாட்டி மடியில் கேட்கும் இக்கதையைக் கடற்படை தன் போருக்குப் பயன்படுத்திக்கொண்டது. முதலில், பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் போற்றும் 37 நிமிடப் படம் ஒன்று 1943இல் வெளிவந்தது. அதனையும் இயக்கியவர் செயோவே. அதன் வெற்றியைக் கண்டு இன்னும் பெரிய படம் ஒன்றை எடுக்கப் பணித்தனர். டிஸ்னியின் 'ஃபேன்டசியா' படத்தையும் அவருக்குப் போட்டுக் காட்டினர். பகைநாட்டின் கலையைப் பார்த்துப் பகைநாட்டுக்கு எதிராகப் படம் எடுக்கச் சொன்னார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

புதிய படத்தின் கதை எளியது. கடற்படைப் பயிற்சி முடித்த கரடி, குரங்கு, நாய், காட்டுக்கோழி ஆகிய நால்வரும் தம் மலையூருக்கு விடுமுறையில் வருகின்றனர். பின்னர்த் தென்கடல் தீவொன்றில் தளம் அமைத்து, வான்குடை வீரர்களாகக் குதித்துப் பகைவரின் கோட்டையைப் பிடிக்கின்றனர். 1942ஆம் ஆண்டு செலிபஸ் தீவில் ஜப்பானிய வான்குடைப் படை நடத்திய தாக்குதலே இதற்கு அடிப்படை.

எரியும் இயல்புடைய நினைவு

போருக்குப் பின் ஜப்பானை நேசநாடுகள் ஆண்டபோது போர்ப் பரப்புரைப் படங்கள் தடைசெய்யப்பட்டன, பல தீக்கிரையாயின. இப்படமும் அவற்றோடு அழிந்தது என்றே எல்லாரும் நம்பினர்.

பழைய படங்கள் அழிவதற்கு ஆட்சியாளரின் ஆணை வேண்டுவதில்லை. அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட் சேர்மத்தால் ஆனவை, எளிதில் தீப்பற்றுபவை, தீப்பற்றாவிடினும் நாளடைவில் தாமே சிதைந்து பொடியாகுபவை. 1923ஆம் ஆண்டின் காந்தோ நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த பெருந்தீயும் தோக்கியோவில் இருந்த படங்களை விழுங்கின. ஓடி முடிந்த படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, வீட்டில் வைத்துப் பார்க்கும் விளையாட்டுப் படக்கருவிகளுக்கு விற்கும் வழக்கமும் இருந்தது. இன்று எஞ்சியுள்ள ஜப்பானிய அசைவூட்டப் படங்களுள் மிகப் பழைமையானவற்றுள் ஒன்றான 'மழுங்கிய வாள்' 1917ஆம் ஆண்டுப் படம். புதுவாள் வாங்கிய அசட்டு வீரன் ஒருவன், அதை வழிப்போக்கர்மீது வெட்டிப் பார்க்க முயன்று உதைபடும் நகைச்சுவைக் கதை. சில நிமிடங்களே ஓடும் அப்படம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒசாகாவின் பழம்பொருள் கடையில் கிடைத்தது. அருங்காட்சியகமோ ஆவணக் காப்பகமோ காக்காததைப் பழம்பொருள் வணிகம் காத்தது.

செயோவின் படத்துக்கும் அத்தகைய நல்வாய்ப்பு நேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஷோச்சிக்கு நிறுவனத்தின் ஓஃபுனா கிடங்கில் அதன் மூல நெகட்டிவ் கண்டெடுக்கப்பட்டது. 1984இல் படம் மீண்டும் திரைக்கு வந்தது. பின்னர் எண்ணிம முறையில் சீரமைக்கப்பட்டு 2016ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் செவ்வியல் படப் பிரிவில் திரையிடப்பட்டது.

அசைவின் அழகு

சீரமைத்த படத்தை இன்று காண்போரை முதலில் வியக்கவைப்பது அதன் அசைவு. அண்ணனின் கடற்படைத் தொப்பியைத் துரத்திச் சென்று ஆற்றில் விழும் குட்டிக்குரங்கின் தவிப்பிலும், ஓடும் நீரின் விசையிலும் பொருள்களின் எடை புலப்படுகிறது. காற்றில் மிதந்துவரும் டேன்டிலியன் பூவின் பஞ்சுவிதைகள் ஒரு வீரனின் நினைவில் வான்குடைகளாக மாறும் இடம், கறுப்பு வெள்ளையில் எழுதப்பட்ட கவிதை. தீவு பறிபோன பழைய வரலாற்றை, நம் தோற்பாவைக் கூத்தை நினைவூட்டும் நிழலுருவங்களாலேயே சொல்லிச் செல்லும் பகுதியும் உண்டு. 'சிலந்தியும் டியூலிப்பும்' (1943) என்னும் இனிய குறும்படத்தைப் படைத்த கென்ஸோ மசாவோகாவின் கைவண்ணம் அது.

இவ்வளவும் பஞ்ச காலத்தில் செய்யப்பட்டவை. ஓவியர்கள் ஒருவர்பின் ஒருவராகப் படைக்கும் ஆயுத ஆலைக்கும் அழைக்கப்பட்டனர். வரையப் பயன்படும் செல்லுலாய்டுத் தாள்கள் கிடைப்பது அரிதாயிற்று. வரைந்து படம்பிடித்த தாளைக் கழுவி, அதன்மீதே மீண்டும் வரைந்தனர்.

கலைநடை ஆண்டு செல்லச் செல்ல ஒரே சீராக வளரும் என்று எண்ணுவது பிழை என்பதற்கும் இப்படம் சான்று. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். 1963இல் தெசூகா தம் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாரந்தோறும் தொலைக்காட்சிக்கு வழங்கியபோது, செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தப் பெரும்பாலும் மூன்று சட்டகங்களுக்கு ஓர் ஓவியம் என்னும் முறையைக் கையாண்டார். உடல் அசையாமல் வாய் மட்டும் அசைவதும், அசையாப் படத்தின்மீது ஒளிப்படக்கருவி நகர்வதும் அவ்வாறு வந்தவையே. இன்று அனிமே என்றதும் கண்முன் வரும் நடை அச்சிக்கனத்தில் பிறந்தது. ஆகவே, 1945ஆம் ஆண்டுப் படம் தனக்குப் பின்வந்த பல படங்களைவிட நெகிழ்வாக அசைகிறது. மூப்பின் அடையாளம் வேறு இடங்களில் தெரிகிறது. காட்சிகள் மெல்ல நகர்கின்றன, ஊர்க்காட்சிகள் நீள்கின்றன, நடுவே பயிற்சிப் பாடம்போல் சில பகுதிகள் அமைந்துவிடுகின்றன.

பாட்டின் மறைவில்

படத்தின் புகழ்பெற்ற காட்சி ஒரு வகுப்பறை. தீவின் விலங்குகளுக்கு ஜப்பானிய வீரன் மொழி கற்பிக்க முயல்கிறான். ஒரே கூச்சல், பாடம் நடைபெறவில்லை. உடனே ஒருவன் வாயிசைக் கருவியை வாசிக்க, ஜப்பானிய அகரவரிசையே பாட்டாகிறது. விலங்குகள் அனைத்தும் சேர்ந்து பாடுகின்றன. பாடிக்கொண்டே வேலையும் செய்கின்றன. யூஜி கோசெக்கி இசையமைத்த அப்பாட்டு, ஒருமுறை கேட்டவர் மனத்தில் தங்கிவிடும். விமானத்தளம் அமைக்கக் காடு திருத்தும் விலங்குகளின் முகத்திலும் மகிழ்ச்சியே தெரிகிறது.

அப்படம் உருவான காலத்தில் தென்கிழக்காசியாவில் உண்மையில் நடந்தவற்றைத் தமிழர் மறக்க இயலாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஆங்கிலேயப் படைத்தளபதி பெர்சிவல் சரணடைந்தார். படத்தின் இறுதியில் வரும் சரணடைவுப் பேச்சு அந்நிகழ்வைத் தழுவியதே. அதன்பின் மலாயாப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையில் கொண்டுசெல்லப்பட்டனர். பட்டினியாலும் வாந்திபேதியாலும் அடியுதையாலும் காட்டிலேயே மடிந்தவர் பல்லாயிரவர். 'சயாம் மரண ரயில்' என்று மலேசியத் தமிழர் இன்றும் அதனைக் குறிப்பிடுவர். அப்பாதை முடிந்தது 1943 அக்டோபரில். காடு திருத்தும் விலங்குகள் பாடிக்களிக்கும் படம் முடிந்தது 1944 டிசம்பரில்.

இதனை அறிந்தபின் அவ்வகுப்பறைக் காட்சியைக் காண்போருக்குப் பாட்டின் இனிமை குறைவதில்லை, அவ்வினிமையே அச்சுறுத்துகிறது. திறமையற்ற கலைஞர் எடுத்திருந்தால் இப்படத்தை எளிதில் ஒதுக்கிவிடலாம். கொம்பு முளைத்த அரக்கராக ஆங்கிலேயரை வரைந்திருக்கும் பகுதி இன்று சிரிப்பையே தரும். வெளிப்படையான பரப்புரை விரைவில் வெளுத்துவிடுகிறது. அழகுக்குள் பொதிந்து வைத்த பகுதிதான் எண்பது ஆண்டுகள் கடந்தும் வேலை செய்கிறது. பதினாறு வயதுத் தெசூகாவை ஈர்த்ததும் அதன் கவித்துவமும் குழந்தைமையுமே. பின்னாளில் தம் 'காட்டரசன்' படைப்பில் அவ்வகுப்பறைக் காட்சியைப் போற்றும் வகையில் விலங்குகளின் பள்ளியொன்றை அவர் அமைத்தார்.

இயக்குநர் செயோ இளமையில் பாட்டாளி வர்க்கத் திரைப்பட இயக்கத்தில் பங்கேற்றவர். போருக்குப் பின் 'அரசனின் வால்' (1949) என்னும் படத்தை எடுத்தார். அது இடதுசாரிச் சார்புடையது என்று கருதப்பட்டுத் திரைக்கு வரவில்லை. அதன்பின் அவர் அசைவூட்டத் துறையை விட்டு விலகிக் குழந்தை நூல்களுக்கு ஓவியம் வரைந்து வாழ்ந்தார்.

படத்தின் கடைசிக் காட்சியில் மீண்டும் அம்மலையூர் வருகிறது. வெற்றிச் செய்தி கேட்ட குட்டி விலங்குகள் வான்குடை வீரர்களைப்போல மரத்திலிருந்து குதித்து விளையாடுகின்றன. அவை குதிக்கும் தரையில் அமெரிக்காவின் நிலப்படம் வரையப்பட்டிருக்கிறது. படம் வெளியான நான்காம் மாதம் ஜப்பான் சரணடைந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பெற்றோர் சிறுவயதில் விரும்பிப் பார்த்த அசைவூட்டத் தொடர் ஒன்றை அவர்களுடன் மீண்டும் பார்த்து, அவர்கள் கண்டதையும் நீங்கள் கண்டதையும் ஒப்பிட்டு எழுதுக.

2. சயாம் மரண ரயில் குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள நூல்களைப் பள்ளி நூலகத்தில் தேடிப் படித்து, வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுக.