மணலும் சிப்பியும் ஓர் ஆறும்

அன்புள்ள யாழினிக்கு,

டிசம்பர் விடுமுறைக்குத் தோழிகளோடு அட்லாண்டாவிலிருந்து காரிலேயே ஃப்ளோரிடா கடற்கரைக்குப் போகிறாயாமே, அக்கா சொன்னாள். "குளிர்காலத்தில் பீச்சில் என்ன இருக்கு?" என்று அவளுக்குச் சலிப்பு. என்னைக் கேட்டால், அந்த ஊர்களுக்குப் போக அதுதான் ஏற்ற பருவம். கோடையில் போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பாய்; இப்போது போனால் ஊரைப் பார்க்கலாம்.

பென்சகோலாவில் 98-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போங்கள். டெஸ்டின், பனாமா சிட்டி பீச், மெக்சிகோ பீச், அப்பலாச்சிகோலா என்று வரிசையாக வரும். ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் மூன்று நாள் ஒதுக்கு. சில கடைகள் பூட்டிக் கிடக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும். வடக்கின் பனிக்குத் தப்பி மாதக்கணக்கில் தங்க வந்த முதியவர்கள் காலையில் கரையோரம் நடப்பார்கள். பேச்சுக் கொடு, ஊர்க்கதை நிறையக் கிடைக்கும்.

டெஸ்டினில் இறங்கியதும் மணலைக் கையில் அள்ளிப் பார். கண் கூசும் அந்த வெள்ளை, ஏறக்குறைய முழுக்கக் குவார்ட்ஸ். அப்பலாச்சியன் மலைப் பாறைகள் தேய்ந்து, ஆறுகள் வழியே காலங்காலமாக வந்து சேர்ந்தது. மணல்மேட்டில் ஆடும் கடல் ஓட்ஸ் கதிரை மட்டும் பறிக்காதே. அதன் வேர்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. பறிப்பது அங்கே சட்டப்படி குற்றம்.

மெக்சிகோ பீச்சில் வண்டியை மெதுவாக ஓட்டு. 2018 அக்டோபர் 10 அன்று ஐந்தாம் வகைப் புயலான மைக்கேல் அதன் அருகே கரையேறி ஊரையே துடைத்தெடுத்தது. கடலோரத்தில் புது வீடுகள் உயரமான தூண்கள்மேல் நிற்பதையும், இடையிடையே மனைகள் வெறுமையாகக் கிடப்பதையும் கவனி. யாரால் திரும்ப வர முடிந்தது, யாரால் முடியவில்லை என்று அங்கேயே யோசிக்கத் தோன்றும்.

அதைத் தாண்டிப் போர்ட் செயின்ட் ஜோ போனதும் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். அறை, உணவகம் பதிவு செய்யும்போது நினைவிருக்கட்டும். இரட்டைச் சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்காதே. கொடி இல்லாவிட்டாலும் காவலர் இல்லாத இடத்தில் நீந்தாதே.

அப்பலாச்சிகோலாவுக்குப் பாதி நாளாவது கொடு. அமெரிக்கா முழுவதும் பேர்பெற்ற சிப்பி அந்த விரிகுடாவில் விளைந்தது. ஆற்று நன்னீர் குறைந்து உப்பு ஏறியதும், அளவுமீறி அள்ளியதும் சேர்ந்து சிப்பிப் படுகைகளை அழித்தன. 2020 டிசம்பரில், ஐந்து ஆண்டு வரை சிப்பி எடுக்கக் கூடாதென்று மாநிலம் தடை போட்டது. அட்லாண்டாவில் நீ குடிக்கும் சட்டஹூச்சி ஆற்று நீர்தான், ஃபிளின்ட் ஆற்றோடு கலந்து அப்பலாச்சிகோலா என்ற பெயரில் அங்கே போய்ச் சேர்கிறது. ஜார்ஜியா தண்ணீரை உறிஞ்சிவிட்டது என்று ஃப்ளோரிடா வழக்குப் போட்டது. அதுவே காரணம் என்று நிரூபிக்கவில்லையென 2021-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. காவிரி வழக்கைக் கேட்டு வளர்ந்த உனக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடற்கரை ஊரின் பிழைப்பு கடலிடம் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் கிடக்கும் மலையிடமும் ஆற்றிடமும் அந்த ஆற்று நீரைக் குடிக்கும் நகரத்திடமும் இருக்கிறது. அங்கே சிப்பி சாப்பிட உட்கார்ந்தால், அது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று பரிமாறுபவரிடம் கேள். கேட்டுவிட்டுச் சாப்பிடு.

அன்புடன்,
மாமா