விருந்தாளி தூங்கணும், துணியும் துவைக்கணும்

பாண்டிச்சேரி ஃபிளாட்டை லீவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாய், ஸ்க்ரீனுக்கு எவ்வளவு பட்ஜெட் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். பட்ஜெட் கிடக்கட்டும். நம் வீட்டு ஸ்க்ரீனைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துவைத்தால் போதும். அங்கே அது நடக்காது. இந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வரும், அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம். கடலில் ஆடிவிட்டு உப்பும் மணலுமாக வந்து அதே துணியைத்தான் இழுப்பார்கள். அதனால் கடையில் ‘அழகா இருக்கா’ என்று பார்ப்பதற்கு முன்னால், ‘இதைக் கழற்றித் துவைத்து மாட்ட எவ்வளவு நேரமாகும்’ என்று பார். காலையில் ஒருவர் காலி செய்து மதியமே அடுத்தவர் வந்து இறங்கும் வீட்டில் அந்த வேலையைச் செய்யப்போவது நீ இல்லை, வீட்டைக் கூட்டித் துடைக்க வருகிற அம்மா. அவரை மனசில் வைத்து வாங்கு.

பெட்ரூமில் மட்டும் கை சுருக்காதே. உன் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்னாலேயே சூரியன் கடலை விட்டு மேலே வந்துவிடும். ஊர் சுற்ற வந்தவர்கள் எட்டு மணி வரையாவது தூங்க ஆசைப்படுவார்கள். எனவே அங்கே பிளாக்அவுட் துணிதான். கடைகளில் இது இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று பின்பக்கம் ரப்பர் மாதிரி கோட்டிங் போட்டது. வெளிச்சத்தை முழுசாகத் தடுக்கும், ஆனால் சுடுதண்ணீரும் இஸ்திரியும் பட்டால் கோட்டிங் வெடித்து உதிரும். இன்னொன்று நடுவில் கறுப்பு நூல் வைத்து நெருக்கமாக நெய்தது. கொஞ்சம் வெளிச்சம் கசியும், ஆனால் மெஷினில் தைரியமாகப் போடலாம். வாடகை வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வாங்கும்போது செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பார். மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தால் பரவாயில்லை. நூலிழை தனித்தனியாகத் தெரிந்தால், கடைக்காரர் எந்தப் பெயர் சொன்னாலும் அது பிளாக்அவுட் இல்லை.

துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓரத்தில் வெளிச்சம் புகுந்தால் காசு வீண். ராடு ஜன்னலை விட இரண்டு பக்கமும் அரை அடி நீளமாகவும், ஜன்னல் மேல்விளிம்புக்கு நாலைந்து அங்குலம் மேலேயும் இருக்கட்டும். அதற்கு முன் ஏசி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள். ஏசி காற்றுவாயைத் துணி மறைத்தால் அறை குளிராது, கரண்ட் பில்தான் ஏறும்.

ரெடிமேடில் 5 அடி, 7 அடி, 9 அடி என்று நீளம் வரும். அகலம் பெரும்பாலும் 4 அடி சொச்சம். ராடு எவ்வளவு நீளமோ அதைப் போல ஒன்றரை மடங்காவது துணி அகலம் வேண்டும், இரண்டு மடங்கு என்றால் இன்னும் நல்லது. 6 அடி ராடுக்கு இரண்டு பீஸ் மாட்டினால் மூடும்போது போதுமான கொசுவம் இல்லாமல் விறைப்பாக நிற்கும், மூன்றாக எடு. பால்கனிக் கதவுக்கு மாட்டுவது தரையைத் தொடவே கூடாது. நம் ஊரில் தினமும் தண்ணீர் விட்டு மாப் போடுகிறோம். தரையில் புரளும் துணியின் அடிப்பகுதி ஒரே மாதத்தில் கறுத்துவிடும். ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும்.

எனக்குக் கைத்தறிப் பருத்தி எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கடலோர வாடகை வீட்டுக்குப் பாலியஸ்டர் கலந்ததைத்தான் எடுக்கச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுப் பருத்தி காய நாளாகும், ஈர வாடை பிடிக்கும், மடிப்பில் கறுப்புப் புள்ளி விழும். ஹாலுக்காவது பருத்திதான் வேண்டும் என்று மனசு கேட்டால், தைக்கக் கொடுப்பதற்கு முன்பே ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவை. சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடட்டும். அடி மடிப்பை நாலு அங்குலம் விடச் சொல். பிறகு குட்டையானால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

உப்புக் காற்றை லேசாக எடுத்துக்கொள்ளாதே. துணியில் அடித்திருக்கும் இரும்பு வளையம் முதலில் மங்கும், பிறகு துருவேறும். ஒருநாள் துவைத்து எடுத்தால் ஒவ்வொரு வளையத்தைச் சுற்றியும் பழுப்பு வட்டம் இருக்கும். பிளாஸ்டிக் வளையம் கேள். அதை விட, ராடில் வளையம் கோத்து, துணியைக் கொக்கியில் மாட்டுகிற முறை எனக்குப் பிடிக்கும். ராடை இறக்காமலே கழற்றலாம். ராடு 304 கிரேடு ஸ்டீலா என்று கேட்டு வாங்கு, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கச் சொல். ஜன்னல் கிரில்லுக்கும் இப்போதே பெயின்ட் அடித்துவிடு. மழைச் சாரலில் நனைந்த துணி துருப்பிடித்த கம்பியில் உரசினால் கோடு கோடாகக் கறை விழும். வெள்ளைத் துணியில் அந்தக் கறை பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசு. பிளீச்சிங் பக்கமே போகாதே, அது துருக் கறையை இன்னும் ஆழமாக இறக்கிவிடும்.

நிறம் பளீர் வெள்ளையும் வேண்டாம், அடர் கறுப்பும் வேண்டாம். வெள்ளையில் விரல் தடம் தெரியும், கறுப்பில் தூசி தெரியும். மணல் நிறம், சாம்பல் கலந்த பச்சை, பொடி டிசைன் எல்லாம் நல்லது. எல்லா அறைக்கும் ஒரே துணியாக எடுத்து, கூட ஒரு ஜோடி தைத்து அலமாரியில் வைத்துவிடு. ஒன்றில் குழம்பு கொட்டினால் அந்த அம்மா அதை மட்டும் மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார். இழுப்பதற்கு ஓரத்தில் ஒரு கைக்குச்சியைத் தொங்கவிட்டால் துணியில் கை படுவதே பாதியாகக் குறையும்.

ஹாலுக்கு நெட் துணி மட்டும் போதும் என்று நினைக்காதே. பகலில் அது மறைக்கும். ராத்திரி உள்ளே விளக்குப் போட்டால் எதிர் ஃபிளாட்டுக்கு எல்லாம் தெரியும். இருட்டிய பிறகு ஒருமுறை கீழே இறங்கி நின்று பார். தெரியாத ஊரில் தங்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரட்டை ராடு போட்டு, நெட்டை ஜன்னல் பக்கமும் கனத் துணியை அறைப் பக்கமும் மாட்டு. அடுப்பு பக்கத்து ஜன்னலுக்குத் துணியே வேண்டாம். கயிறு தொங்கும் பிளைண்டும் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் வரும் வீடு, கழுத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஜன்னல் அளவுகளை ஸ்டீல் டேப்பில் அங்குலக் கணக்கில் எடுத்து அனுப்பு, இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்தால் அதையும் எழுது. சென்னை கோடவுன் தெருவில் மொத்தமாக எடுப்பதற்கு முன் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி அனுப்புகிறேன். பாதியை மடித்து மறைத்து வைத்து, மீதியை ஒரு வாரம் அந்தக் கிழக்கு ஜன்னலில் தொங்கவிடு. இரண்டு பாதியும் ஒரே நிறத்தில் இருந்தால் ஃபோன் பண்ணு, மொத்தத்தையும் எடுத்துவிடலாம்.