முன்னதாக ஓய்வு பெற விரும்புவோர்க்கு ஒரு கணக்குப் பாடம்

கணக்கை வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றோம். அவ்வாறே தொடங்குவோம்.

ஆவுடையார்கோவிலில் ஒரு தம்பதியர் வாழ்வதாகக் கொள்வோம். கணவருக்கு வயது 50; மனைவிக்கு 48. சொந்த வீடு உண்டு, ஓய்வூதியம் இல்லை. மாதச் செலவு 20,000 ரூபாய். இப்பொழுதே பணியை விட்டுவிடலாமா?

முதலாவது, விலைவாசி. அஃது ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால், 72ஐ 6ஆல் வகுக்க 12 வரும். அதாவது 12 ஆண்டுகளில் செலவு இருமடங்காகும். கணவரின் 62ஆம் வயதில் 40,000; 74ஆம் வயதில் 80,000.

இரண்டாவது, வருவாய். அஞ்சலக மாத வருவாய்த் திட்டத்தில் இருவர் பெயரில் 15 லட்சம் வரை வைக்கலாம். இவ்வரம்பு 2023 ஏப்ரலில் வந்தது. வட்டி 7.4 விழுக்காடெனில் மாதம் 9,250 ரூபாய் கிடைக்கும். பாதிச் செலவுக்கும் போதாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமோ பொதுவாக 60 வயதிற்குப் பின்னரே கைகொடுக்கும். இடைப்பட்ட பத்தாண்டுகளே இடர் நிறைந்தவை. வட்டி முழுவதையும் உண்டால் முதல் வளராது.

மூன்றாவது, தனிமை. இருவருள் ஒருவர் பின்தங்கி வாழ நேரும். ஆகவே இளையவரின் 90ஆம் வயது வரை, 42 ஆண்டுகளுக்குக் கணக்கிடுக. வைப்புகள் இருவர் பெயரிலும் இருக்கட்டும். மனைவியும் அவற்றை அறிந்திருக்கட்டும்.

செலவைச் சுருக்குதல் மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் அணுவிரதத்திற்கு இசைந்ததே. எனினும் விலைவாசி நம் விரதத்தை அறியாது.

பயிற்சி: பணியை விடுமுன், எண்ணியிருக்கும் செலவிற்குள் ஓராண்டு வாழ்ந்து பாருங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே கணக்கெழுதி, ஆண்டிறுதியில் ஒப்பிடுங்கள். விடை அதில் கிடைக்கும்.