மல்லிகையில் இலை வெளிறுகிறதா? காரணம் அறிந்து மருந்திடுங்கள்



மல்லிகைச் செடியின் இலை வெளிறக் கண்டதும், "உரம் போதவில்லை" என்று எண்ணி ஒரு கை யூரியாவைத் தூவுவது நம்மில் பலரது வழக்கம். சில சமயம் அது பலன் தரும். பல சமயம் யூரியாவுக்குக் கொடுத்த பணம் வீணாவதோடு, உண்மையான காரணம் கவனிக்கப்படாமல் செடியும் கைவிட்டுப் போகும். இலை வெளிறுதல் ஓர் அறிகுறியே. பத்து ஆண்டுகளுக்கு மேலும் பூத்துப் பயன்தரும் செடியைக் காப்பாற்ற, மருந்துக்கு முன் காரணத்தை அறிதல் வேண்டும்.

எந்த இலை முதலில் வெளிறியது?

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறி, துளிர் இலைகள் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை எனக் கொள்ளலாம். சத்து போதாதபோது செடி முதிர்ந்த இலையிலுள்ள தழைச்சத்தை எடுத்துத் துளிருக்கு அனுப்புவதே இதற்குக் காரணம்.

மாறாக, துளிர் இலைகள் வெளிறி, அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. இரும்புச் சத்து முதிர்ந்த இலையிலிருந்து துளிருக்கு எளிதில் நகராது. குறை முற்றினால் துளிர் முழுவதும் வெளுத்து, ஓரம் கருகும்.

இலையின் மேல் ஊசி குத்தியது போன்ற மஞ்சள் புள்ளிகளும், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அது சிவப்புச் சிலந்தியின் வேலை. நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளிக்கவும். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

வேரையும் பாருங்கள்

செடி முழுவதும் மஞ்சளாகி வாடினால், தூரருகே மண்ணை மெல்ல விலக்கி வேரைப் பாருங்கள். வேர் கறுத்து, பட்டை உரிந்து வந்தால் வேரழுகல் நோய். தேங்கும் நீரை வடித்து, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து தூரைச் சுற்றி ஊற்றவும். பக்கத்துச் செடிகளுக்கும் ஊற்றுவது நலம்.

வேரில் சிறு முடிச்சுகள் காணப்பட்டால் நூற்புழுத் தாக்குதல். தோட்டத்தில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் நலிவது இதன் அடையாளம். வேப்பம் புண்ணாக்கும் மக்கிய தொழு உரமும் இட்டு, இடையில் செண்டுமல்லி பயிரிடலாம். முன்பு சிபாரிசு செய்யப்பட்ட ஆல்டிகார்ப் குருணை 2001-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதைத் தேட வேண்டாம்.

இரும்புச் சத்துக் குறை ஏன் வருகிறது?

நம் மண்ணில் இரும்பு பெரும்பாலும் போதிய அளவு உண்டு. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும், உப்பு நீர் பாயும் தோட்டத்திலும் அது வேருக்குக் கிட்டாத நிலையில் கிடக்கிறது. நீர் தேங்கினாலும் இக்குறை மிகும். எனவே கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஐயமிருந்தால் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரையுங்கள். வெளிறிய துளிர் இலைகள் சிலவற்றின் ஒரு பாதியில் மட்டும் பஞ்சால் தடவுங்கள். ஏழு முதல் பத்து நாட்களில் தடவிய பாதி பச்சை கட்டினால் காரணம் உறுதி. பிறகு இதே கரைசலைச் செடிகள் நன்கு நனையத் தெளித்து, வெளிறல் மறையும் வரை மாதம் ஒருமுறை தொடரவும்.

அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருநிறமாக மாறியது பயன்படாது. கரைசலை அன்றன்றே செலவழிக்கவும். சுண்ணாம்பு சேர்ந்த மருந்துகளுடன் கலக்கக் கூடாது.

தழைச்சத்துக் குறையானால்

யூரியா மட்டும் போதாது. நவம்பர் இறுதியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்தபின், செடிக்கு 10 கிலோ தொழு உரமும், யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மியூரேட் ஆப் பொட்டாஷ் 100 கிராமும் இடவும். இதே அளவு ரசாயன உரத்தை ஜூன், ஜூலையில் மீண்டும் இடவும். மண் பரிசோதனை முடிவு கிடைத்தால் அதன்படி அளவை மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே, அடுத்த முறை வெளிறிய செடியைக் கண்டால் உர மூட்டையிடம் போகுமுன் துளிரைப் பாருங்கள், முதிர்ந்த இலையைப் பாருங்கள், வேரைப் பாருங்கள். காரணம் அறிந்து செய்யும் சிகிச்சையே செலவைக் குறைத்துப் பூ மகசூலைக் காக்கும்.