பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும் தோட்டத்தில் வாழ்வோர்க்கு ஒரு வாகனம் இன்றியமையாதது. புதிய கார் வாங்க இயலாதோர் பழைய காரை நாடுகின்றனர். அதனைத் தேடுமிடமும் இப்பொழுது பட்டணத்துக் கடை அன்று, கைத்தொலைபேசியே. இணைய விளம்பரங்களுள் நேர்மையானவையும் உண்டு, ஏமாற்றுக்காரர் விரித்த வலைகளும் உண்டு. இவற்றைப் பிரித்தறியும் வழிகளை ஈண்டு ஆராய்வோம்.

சந்தையில் 15,000 ரிங்கிட் பெறும் ஒரு மைவி காரை 7,000 ரிங்கிட்டுக்குத் தருவதாக விளம்பரம் வருகிறது எனக் கொள்வோம். தொடர்பு கொண்டால், "வேறொருவர் கேட்கிறார், 500 ரிங்கிட் முன்பணம் அனுப்பினால் உங்களுக்கே ஒதுக்கி வைக்கிறேன்" என்கிறார் விற்பவர். 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள் வேலை எனக் கணக்கிட்டால், அந்த 500 ரிங்கிட் ஏறக்குறைய எட்டு நாள் உழைப்பாகும். காரைக் கண்ணால் காணாமல் அதனை அனுப்பலாமா? படத்திலுள்ள கார் வேறெவருடையதாகவும் இருக்கலாம். பணம் செலுத்தச் சொல்லும் வங்கிக் கணக்கு காரின் உரிமையாளர் பெயரில் இல்லாவிடின் அங்கேயே நின்றுவிடுதல் நன்று. காவல் துறையின் 'செமாக் மியூல்' என்னும் இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் இட்டால், அவற்றின்மேல் புகார் உண்டா என்பது தெரியும். புகார் இல்லை என்பதனாலேயே விற்பவர் நல்லவராகிவிடார். நேற்றுத் திறந்த கணக்கின்மேல் புகார் எவ்வாறு இருக்கும்?

இதனினும் தீங்கானது 'சம்போங் பாயார்'. தவணை கட்ட முடியாதவர், சிறு தொகையைக் கையில் பெற்றுக்கொண்டு, "மீதித் தவணையை நீங்கள் கட்டுங்கள்" என்று காரை ஒப்படைத்துவிடுகிறார். மலிவாய்த் தோன்றுவதால் நம்மவர் பலர் இதில் விழுகின்றனர். 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டத்தின்படி, கடைசித் தவணை தீரும்வரை கார் வங்கிக்கே சொந்தம். வங்கியறியாமல் அதனைப் பிறர்க்குக் கைமாற்ற ஒருவருக்கும் உரிமை இல்லை. நாம் மாதந்தோறும் கொடுக்கும் பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், ஒருநாள் வங்கியின் ஆட்கள் வந்து காரை இழுத்துச் செல்வர். நம் கையிலிருக்கும் கடிதத்தைக் காட்டி வங்கியிடம் காரைக் கேட்க இயலாது. வங்கியின் சம்மதம் பெற்று, முறையாக உரிமையை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வழிக்கு உடன்படாதவரிடம் கார் வாங்க வேண்டா.

காரைப் பகலில், வெளிச்சத்தில், ஒரு மெக்கானிக்கோடு சென்று பாருங்கள். மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த எண்ணுவது வீண் சிக்கனம். இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ளவையோடு ஒத்திருத்தல் வேண்டும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய கார்களைத் துடைத்து மினுக்கி விற்பதும் உண்டு. இருக்கை வாரை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கறை தெரியலாம். இருக்கையின் அடியிலுள்ள ஆணிகளில் துரு இருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கினால் புழுங்கிய நாற்றம் வீசலாம்.

பெயர் மாற்றுவதற்குமுன் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் காரைப் பரிசோதிக்க வேண்டும். அப்பரிசோதனையில் தேறி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாறும் நாளில் முழுப் பணத்தையும் கொடுப்பதே முறை. காரின்மேல் கட்டாத சம்மன் உண்டா என்பதையும் இலாகாவிடம் முன்னரே கேட்டறிக.

பணம் அனுப்பியபின் சந்தேகம் எழுந்தால், வெட்கப்பட்டு மறைக்கலாகாது. 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்னும் எண்ணையோ, தம் வங்கியையோ உடனே அழைத்தல் வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுமுன் அதனைத் தடுக்க முயல்வர். எனவே விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸாப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து, காவல் நிலையத்தில் புகார் செய்யும்போது காட்டுக.