வெறிநாய்க்கடி விஷம் நரம்பில் ஏறும் விதம்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் குடியானவர்கள் பலர் ஆடுமாடுகளும் வளர்த்து வருகின்றனர். கொல்லைக் காவலிலும் ஆட்டுக்கிடையிலும் நாயோடு பழகாதிருத்தல் இயலாது. ஆகையால் வெறிநாய்க்கடியின் தன்மையை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் போக்கு.— இந்நோய் வைரஸ் என்னும் நுண்ணிய விஷக்கிருமியால் உண்டாவது. அது வெறிகொண்ட பிராணியின் உமிழ்நீரில் உள்ளது. பாம்பின் விஷம் போல் இக்கிருமி இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. கடிபட்ட தசையில் முதலில் தங்கிப் பெருகும். பின்னர் நரம்பின் நுனியைப் பற்றி, அதன் உள்ளேயே சிறிது சிறிதாக ஏறி, முதுகுத்தண்டின் வழியே மூளையை அடையும். அங்கிருந்து நரம்புகள் வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கும். கடிபட்டது முதல் நோய் வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்கள் ஆகும். அபூர்வமாக ஓராண்டுக்கு மேலும் செல்லும். தலையிலும் முகத்திலும் பட்ட கடி மூளைக்கு அருகிலிருப்பதால் நோய் விரைந்து காணும்.

இடைக்காலத்தின் பயன்.— புண் ஆறியது கண்டு ஆபத்து நீங்கிற்றென எண்ணலாகாது. நீரைக் கண்டதும் தொண்டை இழுக்கும் நிலை வந்தபின் மரணம் ஏறக்குறைய நிச்சயம். கிருமி மெல்ல நடக்கும் அந்த நாட்களே மனிதனுக்குக் கிடைத்த அவகாசம். 1885-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் கடிபட்ட சிறுவனுக்குக் கடியின் பின்னரே ஊசியிட்டுக் காக்க முடிந்தது இதனாலேயே. தென்னாட்டில் இவ்வைத்தியத்துக்கென 1907-ல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது.

செய்ய வேண்டியவை.—

1. கடிவாயை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை முதலியவற்றை அப்பலாகாது.

2. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் செல்லுக. தடுப்பூசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி இப்போது இல்லை, கையிலேயே போடுகின்றனர். ஆழ்ந்த காயமாயின் கடிவாயிலும் எதிர்ப்பு மருந்து செலுத்துவர்.

3. அறுவடை, சந்தை என்று அடுத்த தவணைகளைத் தவறவிடலாகாது.

4. மாடு ஓயாது கதறி, உமிழ்நீர் ஒழுக்கி, விழுங்க இயலாது நின்றால், தொண்டையில் ஏதோ அடைத்ததென்று வெறுங்கையை வாயில் விடுதல் பேராபத்து. கால்நடை வைத்தியரை அழைக்க.

5. வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுக.

கடிபட்ட அன்று செய்யும் சிகிச்சை உயிர் காக்கும். நோய் கண்டபின் செய்வது காக்காது.