படத்தொகுப்பில் நேரும் பழுதுகள்: மென்பொருளிலா, மூலப்படத்திலா?

1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டுக் காலம் நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. அதற்கான நிகழ்ச்சிகள் தில்லி, கட்டாக், ஐதராபாத் ஆகிய இடங்களில் தயாராயின. படத்தில் பழுது தோன்றினால் அதனைக் கவனிக்கப் பொறியாளர்கள் இருந்தனர். இன்றோ, விரிவாக்கப் பணியாளர் ஒருவரே கைப்பேசியில் படம்பிடித்து, வட்டார அலுவலகக் கணினியில் தொகுத்து, கிராமத்தில் திரையிட்டுவிட முடிகிறது. உழவர்களைக் கொண்டே உழவர்களுக்குப் படம் எடுக்கும் முறையை, 2006இல் பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத் திட்டமாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் பல மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது. வசதி பெருகியது, பொறியாளர்தாம் உடன் இல்லை. ஆகவே பழுது கண்டவுடன் மென்பொருளின் மீது பழியைப் போட்டு, அதனை நீக்கி மீண்டும் நிறுவி, நாட்களை வீணாக்குவது வழக்கமாகிவிட்டது. உண்மையில், பெரும்பான்மையான பழுதுகளின் வேர் மென்பொருளில் இல்லை. அதனுள் செலுத்தப்படும் மூலப்படத்திலேயே உள்ளது.

விதை நேர்த்தி பற்றிய ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் பேச்சும் வாயசைவும் ஒத்திருக்கின்றன. போகப்போகப் படம் முந்துகிறது, ஒலி பிந்துகிறது. ஒரு மருந்தின் அளவைக் குரல் சொல்லும்போது, திரையில் காணும் கை அடுத்த மருந்தை அளந்துகொண்டிருக்கும். இது அழகுக் குறைவு மட்டுமன்று. பார்ப்பவர் தவறான அளவைக் கற்றுச் செல்வார்.

இதன் காரணம் யாதெனில், கைப்பேசிகள் பலவும் வினாடிக்கு எத்தனை ஃபிரேம்கள் பதிவு செய்கின்றன என்பது ஒரே சீராக இருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்கும் பொருட்டு, கருவி தானாகவே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. தொகுப்பு மென்பொருளோ எண்ணிக்கை மாறாதது எனக் கொண்டு கணக்கிடக்கூடும். சராசரியாக வினாடிக்கு 29 ஃபிரேம்கள் வீதம் பத்து நிமிடம் பதிவானால் மொத்தம் 17,400 ஃபிரேம்கள். இவற்றை வினாடிக்கு 30 வீதம் ஓட்டினால் 580 வினாடிகளில் படம் முடிந்துவிடும். ஒலி மட்டும் 600 வினாடிகள் நீடிக்கும். இடைவெளி 20 வினாடி. ஒலித்துண்டை ஆங்காங்கே வெட்டி ஒட்டுவது இதற்குத் தீர்வாகாது. தொகுக்கத் தொடங்குமுன், ஹேண்ட்பிரேக் போன்ற விலையில்லா மென்பொருளில் 'மாறா ஃபிரேம் வீதம்' என்பதைத் தேர்ந்து மூலப்படத்தின் படியொன்றை எடுத்து, அதனையே தொகுப்புக்குப் பயன்படுத்துதல் வேண்டும். மாறாக, பிறழ்வு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவாக இருந்தால் நோய் வேறு. அப்போது ஒலித்தடத்தை அவ்வளவு தூரம் நகர்த்தினாலே போதும். இந்த வேறுபாட்டை அறிய, படத்தின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலர் முதல் நிமிடத்தோடு நிறுத்திவிடுகின்றனர்.

விளக்கொளியில் எடுத்த படத்தில் கருநிறப் பட்டைகள் ஓடுவதும் மூலப்படத்தின் குறையே. நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. எனவே குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்குகின்றன. ஒளிபடும் நேரம் 1/50 அல்லது 1/100 வினாடியாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுச் சுழற்சிகளைப் பெறும். 1/60 ஆனால் கணக்குப் பிசகி, பட்டை தோன்றும். பதிவான பின் இதனை மென்பொருளால் ஓரளவே மறைக்க இயலும்.

வேறொரு கணினியில் திறந்தவுடன் காட்சிகள் காணாமற் போய்ச் சிவப்புத் திரை தோன்றுவது, அலுவலகங்களில் அச்சத்தை விளைவிக்கும் பழுது. இதில் எதுவும் அழிந்துவிடவில்லை. தொகுப்புக் கோப்பினுள் படங்கள் இருப்பதில்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. பென்டிரைவில் அச்சிறு கோப்பை மட்டும் கொண்டு சென்றால், வீட்டு முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவந்த கதைதான். படம், ஒலி, எழுத்து அனைத்தையும் ஒரே கோப்புறையில் வைத்து, அதனை முழுமையாகப் படியெடுக்க வேண்டும். பிரீமியரில் இதனைச் செய்து தர 'புராஜெக்ட் மேனேஜர்' என்னும் வசதி உண்டு.

சுவரொட்டிக்கான ஒளிப்படங்களில் தெளிவு கெடுவதற்குப் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியனுப்பலே காரணம். அங்குப் படம் சுருக்கப்படுகிறது. எட்டு அங்குல அகலத்தில் நன்கு அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் 2,400 புள்ளிகள் தேவை. வந்து சேர்ந்தது 800 புள்ளியானால், எந்த மென்பொருளும் இல்லாத விவரத்தை மீட்டுத் தராது. எடுத்தவரிடம் மூலக்கோப்பை ஆவண வடிவில் அனுப்பக் கேட்பதே வழி.

மென்பொருளையே குறை கூறத்தக்க இடம் ஒன்று உண்டு: இந்திய மொழி எழுத்துகள். 'தெளி' என்னும் சொல்லில் ஒற்றைக்கொம்பு, கணினியின் நினைவில் தகரத்திற்குப் பின்னரே இருக்கிறது. திரையில் அதனை முன்னே கொணர்வது மென்பொருளின் கடமை. அவ்வாறு செய்யாவிடில் கொம்பு நகர்ந்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்தியின் குறில் இகரக் குறிக்கும் இதே கதிதான். ஃபோட்டோஷாப்பின் பல பதிப்புகளில், எழுத்துக்கான விருப்ப அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' என்பதைத் தேர்ந்து, புதிய கோப்பைத் திறந்து எழுதினால் சரியாகும். பழைய எழுத்துருவான குருதிதேவில் தட்டச்சான இந்தி வாசகத்தை அப்படியே ஒட்டினால் பொருளற்ற குறிகளே வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வாறு மாற்றும்போது இலக்கங்களும் நிறுத்தக்குறிகளும் பிறழ்வதுண்டு. ஆதலால் மருந்தின் அளவைக் குறிக்கும் வரிகளை, படம் எடுத்தவர் அல்லாத வேறொருவர், மூலச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே திரையிட அனுப்புதல் நன்று.